ஊட்டுக்கு வரட்டுமா என்று நீ கேட்டாய்

கண்ணு,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். அப்பா படுத்து வெகுநேரம் ஆகிறது. ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கி, எதிரே இருக்கிற சில்வர் ஓக் மரம்கூடத் தெரியவில்லை. பகலில் எழுதலாம் என்றுதான் சில நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பகலில் பள்ளிக்கூடமும் பஸ்ஸும் அடுப்பும் என்னைப் பிடித்துக்கொள்கின்றன, அல்லது நான் அவற்றைப் பிடித்துக்கொள்கிறேன். இன்றைக்குத் தப்ப முடியவில்லை. ஐந்தாம் வகுப்புப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'என் வீடு' என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தோம். வெள்ளக்கடையிலிருந்து வருகிற ஒரு பிள்ளை, 'எங்க ஊடு காப்பித் தோட்டத்துக்கு நடுவுல இருக்குது' என்று தொடங்கியிருக்கிறாள். சிவப்புப் பேனா தானாகவே அந்த 'ஊடு'வைச் சுற்றி வட்டம் போடப் போயிற்று. பாதி வட்டத்தில் கை நின்றுவிட்டது. தாள்களைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, நீலப் பேனா தேடி எடுத்து உனக்கு எழுதுகிறேன்.

நீ போனை எடுப்பதில்லை. நான் அனுப்புகிற செய்திகளைப் பார்க்கிறாய் என்பது மட்டும் தெரிகிறது. 'சாப்பிட்டாயா' என்று கேட்டால் ஒரு கட்டைவிரல் வருகிறது. ஒரு கட்டைவிரலை வைத்துக்கொண்டு என் மகன் சாப்பிட்டானா இல்லையா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? கடிதத்தில் ஒரு நன்மை இருக்கிறது. நீ பேசப் பேச நான் குறுக்கே வந்து திருத்த முடியாது. என்னை மட்டும்தான் திருத்திக்கொள்ள முடியும்.

போன வாரம் நீ கூப்பிட்டபோது நான் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில், கொட்டச்சேடு பஸ்ஸுக்காக ஸ்டெல்லா டீச்சரோடு நின்றுகொண்டிருந்தேன். மழை இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை என்று போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். உனக்கு அது தெரியாது. வழக்கமாக முதலில் கேட்பாயே, 'நல்லா இருக்கீங்களா அம்மா' என்று, அதைக் கேட்கவில்லை.  எடுத்ததுமே, 'அம்மா, நான் ஊட்டுக்கு வந்துரட்டுங்களா?' என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் என் கையாலேயே ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன். 'வீட்டுக்குன்னு சொல்லு கண்ணு' என்றேன். நீ கேட்டது என் காதில் விழவே இல்லை, அந்தச் சொல்தான் விழுந்தது. பக்கத்தில் இன்னொரு டீச்சர் நிற்கிறாளே, மெட்ராஸில் கச்சேரி வாசிக்கிற மகன் என்று நான் பீற்றிக்கொள்கிற பையன் இப்படிப் பேசுகிறானே என்ற ஒன்றுதான் எனக்கு ஓடியது. நீ 'சரிங்கம்மா. வீட்டுக்கு' என்று திருத்திச் சொன்னாய். அதற்குப் பிறகாவது நான் விழித்துக்கொண்டிருக்கலாம். 'கச்சேரி சீசன் வர்ற நேரத்துல இங்க வந்து என்ன பண்ணப் போறே? எல்லாம் முடியட்டும், பொங்கலுக்கு வா' என்றேன். 'வெச்சர்றனுங்கம்மா' என்று சொல்லி நீ வைத்துவிட்டாய்.

ஸ்டெல்லா டீச்சர் குடையை உதறிக்கொண்டே, "ஏனுங்க டீச்சர், பையன் வரட்டுமான்னு கேட்டானுங்களே, நீங்க ஒண்ணுமே சொல்லலையே?" என்றாள். "சும்மா கேட்டானுங்க, அப்படித்தான் கேப்பான்" என்று சமாளித்தேன். அவள் விடவில்லை. "எங்கூட்லயும் ஊடுன்னுதானுங்க பேசிக்குவோம். சர்ச்சுல எந்திரிச்சு நின்னு பைபிள் வாசிக்கறப்ப மட்டும் வீடு" என்று சிரித்தாள். யார் காதில் விழக்கூடாது என்று பயந்தேனோ அவள் வாயிலும் அதே சொல்தான். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, டவுனைத் தாண்டி எஸ்டேட் வளைவுகளுக்குள் போன பிறகுதான் நீ கேட்ட கேள்வி எனக்கு முழுசாகக் கேட்டது. அந்த இடத்தில் டவர் கிடைக்காது. கொட்டச்சேட்டில் இறங்கி, மேட்டில் ஏறி நின்று உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. அதிலிருந்து எடுக்கவே இல்லை.

உன் அறைத் தோழனை, அந்த மிருதங்கக்காரப் பையனை, நான் கூப்பிட்டுப் பேசினேன். அவன்மேல் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் விடாமல் துருவினேன். "நல்லா இருக்கான் ஆன்ட்டி" என்றான். சாப்பிடுகிறானா என்றேன். "சாப்பிடறான் ஆன்ட்டி." வாசிக்கிறானா என்றேன்.  நீ இத்தனை நாள் கூடவே உட்கார்ந்து வாசித்த பாடகர் வெளிநாட்டுக் கச்சேரிகளுக்கு வேறொரு வயலின்காரரை அழைத்துப் போகிறார் என்றும், அதை அவர் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, போனில் வந்த விளம்பரப் படத்தைப் பார்த்துத்தான் உனக்கே தெரிந்தது என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அன்னைலேர்ந்து வயலின் பெட்டிய தெறக்கல ஆன்ட்டி. கட்டிலுக்கு அடியில தள்ளி வெச்சிருக்கான்." அந்தப் படத்தை நீ எந்த நாளில் பார்த்தாய் என்று கேட்டேன். நீ என்னைக் கூப்பிட்ட அதே நாள்தான்.

உன்னைப் பெற்றபோது நானே சின்னப் பெண். டிகிரி முடித்த கையோடு கல்யாணம், அடுத்த வருஷமே நீ. நீ பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயதில் ஒரு தடவை பஸ் கண்டக்டர், 'அக்காவுக்கும் தம்பிக்கும் எங்கீங்க டிக்கெட்டு?' என்று கேட்டார். அந்த வாரம் முழுக்க நீ என்னை 'அக்கா, சோறு போடுங்கக்கா' என்று கூப்பிட்டாய். நானும் சிரித்தேன். ஆனால் உன்னை வளர்த்த காலம் முழுக்க எனக்குள் இருந்தது பயம்தான். எதையாவது தப்பாகச் செய்துவிடுவேனோ என்று பயந்து, அந்தப் பயத்திலேயே தப்பாகச் செய்துகொண்டிருந்தேன். என்னைப் பெற்ற உன் அம்மாயியும் அப்புச்சியும் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர்கள். கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான்தான். சேலத்தில் காலேஜ் திறந்த அன்று, எழுந்து நின்று உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். 'எங்கூடு ஏற்காட்டுலீங்க, அங்க நொம்பக் குளுருங்க' என்றேன். பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு போயிற்று. சேலத்தில் பாதிப் பேர் அப்படிப் பேசுகிறவர்கள்தான். அவர்கள்தான் முதலில் சிரித்தார்கள். காலேஜ் முடிகிற வரைக்கும் எனக்கு 'நொம்பக் குளுரு' என்றுதான் பெயர். ஹாஸ்டல் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு, 'ரொம்ப, ரொம்ப, வீடு, வீடு' என்று சொல்லிச் சொல்லிப் பழகினேன். இதை உன்னிடம் நான் சொன்னதில்லை. ஏன் திருத்துகிறேன் என்று சொல்லாமலே உன்னைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

சங்கீதத்தை நான் உனக்குக் கொடுக்கவில்லை. அது அப்பா டூரிஸ்டுகளுக்கு ஓட்டுகிற ஜீப்பில் வந்தது. லாட்ஜில் தங்கிப் போன யாரோ பாட்டுப் பென்டிரைவ் ஒன்றை வண்டியிலேயே விட்டுப்போய்விட்டார்கள். தேடி வருவார்கள் என்று அப்பா கொஞ்ச நாள் எடுத்து வைத்திருந்தார், யாரும் வரவில்லை. அதில் முழுக்கக் கச்சேரிகள். "இதப் போட்டுக்கிட்டு ஓட்டுனா தூக்கமே வர்றதில்ல புள்ள. எப்படா முடியும், எப்படா முடியும்னு நெனைக்கறதுக்குள்ள மலை ஏறிருது" என்று சொல்லிக்கொண்டு அவர் அதையே ஓடவிடுவார். நீ முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு முனகுவாய். பாடுகிறவர் பாடும்போது வாயை மூடிக்கொண்டிருப்பாய். அவர் நிறுத்தி, பின்னாலேயே வயலின் வரும் பார், அப்போது மட்டும் அதோடு சேர்ந்து போவாய். 'பாட்டை விட்டுட்டு எதுக்குடா கண்ணு அதைப் பாடறே?' என்று நான் கேட்டதற்கு, 'அவருதான் பாடறாருங்களே, நான் எதுக்குங்க?' என்றாய். உனக்கு என்ன வேண்டும் என்பது அந்த வயதிலேயே உனக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் இன்னும் தெரியாமல் இருந்திருக்கிறது.

அப்புறம் சனிக்கிழமைதோறும் சேலத்துக்கு வயலின் வகுப்பு. ஹேர்பின் வளைவுகளில் உனக்கு வாந்தி வரும். ஒரு கையில் எலுமிச்சம்பழம், மடியில் வயலின் பெட்டி. பெட்டிமேல் பட்டுவிடக்கூடாது என்று முகத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டே கீழே இறங்குவாய். வயலின் டீச்சர் சமையலறையிலிருந்தபடியே பாடம் நடத்துவார்கள். குழம்பு தாளிக்கிற சத்தத்துக்கு நடுவிலிருந்து, "நிஷாதம் கொறையறதுடா, காதுல விழலையா?" என்று குரல் வரும். ஒரு நாள் மழையில் பஸ் நின்றுபோய்த் தாமதமாகப் போனோம். ஏன் லேட் என்று கேட்டார்கள். 'ஊட்டுல இருந்து நேரத்துலயே கெளம்பிட்டமுங்க, பஸ்ஸுதானுங்க நொம்ப நேரம் நின்னுருச்சு' என்றாய். பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் ஒருத்தி 'நொம்ப நேரம்' என்று திருப்பிச் சொன்னாள். மற்றப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய், எதற்கென்று தெரியாமலே. வாசலில் செருப்போடு நின்றிருந்த எனக்குத்தான் அந்த பெஞ்சுகள் ஞாபகம் வந்தன.

அன்றைக்குச் சாயந்திரமே பஸ் ஸ்டாண்டில் தொடங்கிவிட்டேன். வகுப்பு முடிந்தால் உனக்கு ஒரு போண்டா உண்டு. 'நொம்பப் பசிக்குதுங்கம்மா' என்றாய். 'ரொம்பன்னு சொல்லு, தர்றேன்' என்று பொட்டலத்தை மேலே தூக்கிப் பிடித்தேன். காலையில் தின்றதையெல்லாம் வளைவுகளில் கக்கிவிட்டு வந்த பிள்ளை நீ. போண்டாவைப் பார்த்துக்கொண்டே, 'ரொம்பப் பசிக்கிறது அம்மா' என்று டிவியில் வருவதுபோலச் சொன்னாய். எனக்குப் பெருமையாக இருந்தது. சில மாதங்களிலேயே நீ என்னிடம் ஒரு சொல்கூடத் தவறாமல் பேசத் தொடங்கினாய். அப்பா கேலி செய்வார். "ஏம்புள்ள, பையன் சோறு கேக்கறானா, நியூஸ் வாசிக்கறானா?" இப்போது யோசிக்கிறேன். நீ கையில் வைத்திருந்தது வயலின். அதற்கு ஏது நொம்பவும் ரொம்பவும்? வாயே திறக்காமல் பேசுகிற ஒரு வழியை நீயாகவே தேடிப் பிடித்திருந்தாய். நான் உன் வாயைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

பரண் ஞாபகம் இருக்கிறதா? மழைக்காலத்தில் நம் மலையில் எதற்குத்தான் பூஞ்சணம் பிடிக்காது. செருப்பு, பெல்ட், அப்பாவின் லைசென்ஸ் உறைகூடப் பச்சை பிடித்துப்போகும். மிளகையும் விதைக்கு எடுத்த அவரையையும் அடுப்புக்கு மேலே பரணில் வைப்பதுதான் எங்கள் வழக்கம். சேலத்தில் போட்டி வைத்திருந்தார்கள், உன் முதல் மேடை. வயலினுக்கு ஈரம் ஏறிவிடும் என்று பயந்து, நீ பள்ளிக்கூடத்துக்குப் போன நேரம் பார்த்து, துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டேன். சாயந்திரம் இறக்கி, காலையில் ஏற்றி, நல்லது செய்வதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நீ எடுத்தபோது, அடுப்புச் சூட்டில் மேல்பலகை ஒட்டு விட்டு ஓரம் வாயைப் பிளந்திருந்தது. அப்பா ஜீப்பிலிருந்து பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். நீ அழுகைக்கு நடுவில், 'அது டயர் இல்லீங்கப்பா' என்றாய். அதைக் கேட்டு மூன்று பேரும் சிரித்துவிட்டோம். போட்டிக்கு இரவல் வயலினை வைத்து வாசித்தாய், பரிசு வரவில்லை. திரும்பி வரும்போது ஹேர்பின்னில் என் தோளில் சாய்ந்துகொண்டு, 'பரவால்லீங்கம்மா, நீங்க பயந்துதானே வெச்சீங்க' என்று ஆறுதல் சொன்னாய். ஆறுதலாகத்தான் எடுத்துக்கொண்டேன். அதில் பாதி என்னைப் பற்றிய தீர்ப்பு என்று இப்போதுதான் தெரிகிறது.

நீ மெட்ராஸுக்குப் போனதிலிருந்து உன் பிழைப்பு எப்படி நடக்கிறது என்று நான் முழுசாகக் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான்: 'எப்போ தனியா வாசிப்பே?' நோட்டீஸில் பாடகர் படம் பெரிதாகவும் உன் படம் ஓரத்தில் பொட்டு மாதிரியும் இருக்கிறதே என்று எனக்கு வருத்தம். முந்தின நாள் ராத்திரி கூப்பிட்டு, நாளைக்கு வா என்பார்கள், நீ போவாய். என்ன பாடப் போகிறார்கள் என்று மேடையில் உட்கார்ந்த பிறகுதான் தெரியும். கல்யாண வரவேற்புகளில் ஐஸ்கிரீம் கிண்ணங்களின் சத்தத்துக்கு நடுவில் வாசித்துவிட்டு, கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வருவாய். 'தனியா வாசிக்கிறது ஒரு வேலைங்கம்மா, பக்கத்துல உட்கார்ந்து வாசிக்கிறது வேற வேலை' என்று பலமுறை சொன்னாய். நான் அதை மேலே ஏறத் தெரியாதவன் சொல்கிற சமாதானமாக நினைத்தேன். பள்ளிக்கூட ஆபீஸ் ரூமில் உன் போட்டோவை ஒட்டியிருக்கிறார்கள் என்று சொன்னேனே, அது அந்த நோட்டீஸ்தான். பாடகர் இருக்கிற பக்கத்தை நான்தான் கத்தரித்துவிட்டுக் கொடுத்தேன்.

ஒரே ஒரு தடவை நானும் அப்பாவும் நேரில் வந்து கேட்டோம். மத்தியானக் கச்சேரி. நாற்காலிகள் பாதிக்குமேல் காலி, கேன்டீனிலிருந்து நெய் மணம். நான் உன் சட்டைக் காலரையும், நீ குனிந்து உட்காருகிறாயா நிமிர்ந்து உட்காருகிறாயா என்பதையுமே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் பாடகர் எங்கேயோ புதிதாக ஒரு பக்கம் போனார். நீ வில்லைத் தூக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் சொல்லி முடித்த பிறகு, அதில் கடைசித் துளியை மட்டும் எடுத்து, மெல்ல, அவர் கையில் திருப்பிக் கொடுப்பதுபோல வாசித்தாய். அவர் திரும்பி உன்னைப் பார்த்துத் தலையாட்டினார். முன்வரிசையில் இருந்த ஒருவர் 'ஆஹா' என்றார். அப்பா என் முழங்கையில் இடித்து, "பாத்தியா, நம்ம பையன் என்னமோ பண்ணிட்டான்" என்றார். என்ன பண்ணினாய் என்று எங்களுக்குத் தெரியவில்லை. கேன்டீனில் காப்பி குடிக்கும்போது அப்பா கேட்டார். நீ அவரிடம் பேசும்போது வருகிற உன் பேச்சில், 'அவரு என்ன பாடறாருன்னு மட்டும் கேட்டாப் பத்தாதுங்கப்பா, எங்க போகப் பாக்கறாருன்னு கேக்கோணும். ஹேர்பின்ல எதிர் வண்டி வர்றதுக்கு முன்னால அதோட லைட்டு பனியில தெரியுமில்லீங்க, நீங்க பாத்து ஒதுங்குவீங்களே, அந்த மாதிரி' என்றாய். அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த மேசையில் உன் பாடகர் உட்கார்ந்திருந்தார். மெதுவாக, 'கேட்கணும்னு சொல்லு' என்றேன். நீ பேச்சை நிறுத்திவிட்டு டம்ளரைப் பார்த்தாய்.

இந்த ஒரு வாரமாக அந்தக் கேன்டீனும் பஸ் ஸ்டாண்டும் எனக்குள் மாறி மாறி வருகின்றன. ஒன்றை இப்போதுதான் கவனிக்கிறேன். போண்டா நாளிலிருந்து நீ என்னிடம் ஒருமுறைகூட 'ஊடு' என்று சொன்னதில்லை. அப்பாவிடம் ஊடு, என்னிடம் வீடு. ஜுரத்தில் கிடந்தபோதுகூட என்னிடம், 'வீட்டில் மாத்திரை இருக்குதுங்களா' என்றுதான் கேட்டாய். அவ்வளவு கவனம். அன்றைக்கு போனில் அந்தக் கவனம் உன்னிடம் இல்லை. அதைப் பிடித்துக்கொள்கிற தெம்பு உனக்கு இல்லாமல்போயிருந்தது. நீ என்ன சொன்னாய் என்பதைவிட, இத்தனை வருஷத்துக்குப் பிறகு என்னிடம் எப்படிச் சொன்னாய் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். பனிக்குள்ளிருந்து வெளிச்சம் தெரிந்தது, நான் பார்க்கவில்லை. பிழை என்று வட்டம் போட்டுவிட்டேன்.

அப்பாவிடம் நேற்றுத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரைக்கும் அவர் கேட்கும்போதெல்லாம் 'நல்லா இருக்கான்' என்றே சொல்லிவந்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலேயே கையைக் கழுவிவிட்டார். "பெத்த பையன் ஊட்டுக்கு வரட்டுமான்னு கேக்கறான், பரீச்சை வெச்சயா நீ?" என்றார். நான் அழுததும் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "செரி செரி, உடு. வரட்டும். வந்து எங்கூட ஜீப்பு ஓட்டட்டும், இப்ப டூரிஸ்டு நொம்ப வர்றாங்க" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. 'இத்தனை வருஷம் கத்துக்கிட்டது ஜீப்பு ஓட்டறதுக்காங்க?' என்று கத்தினேன். "அப்ப நீ சொல்லு, வந்தா என்ன பண்ணச் சொல்லுவே?" என்று திருப்பிக் கேட்டார். நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன், கண்ணு. விடிந்ததும் மெட்ராஸுக்குக் கிளம்பி உன்னைக் கூட்டிவந்துவிடுகிறேன் என்று வண்டிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் படுத்தார். காலையில் நான்தான் தடுத்தேன். நீ கேட்டது என்னிடம், அதனால் பதிலையும் நான்தான் சொல்ல வேண்டும் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனார். சாவியை மட்டும் மேசையிலிருந்து எடுக்கவில்லை, இன்றைக்கு முழுக்க ஸ்பேர் சாவியில்தான் வண்டி ஓட்டினார்.

அம்மா என்றால் புத்தி சொல்லாமல் இருக்க முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள். வெறும் வயிற்றோடு காப்பி குடிக்காதே. அந்தப் பாடகரைப் பற்றி யாரிடமும் கடுமையாகப் பேசிவிடாதே. அவருக்காக இல்லை, பேசியது அப்புறம் உன் மனசில்தான் கிடக்கும். பெட்டியை மூடியே வைத்திருந்தால் வில்லின் முறுக்கையாவது தளர்த்தி வை, நீயேதான் எனக்குச் சொல்லித்தந்தாய். வாசிப்பதை விட்டுவிடு என்றோ விடாதே என்றோ சொல்ல எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற வேலை என்னவென்றே புரியாமல், இத்தனை நாள் அதற்கு நான் மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். இனிமேல் போடவில்லை. ஒன்று மட்டும் சொல்லுவேன். திரும்பி வருவது என்றால் தோற்றுப்போவது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான், வாயால் சொல்லாவிட்டாலும். அது என்னுடைய பயம். லைன் வீட்டிலிருந்து ஏறி வந்தவளுக்குத் திரும்பிப் பார்த்தாலே கால் நடுங்கும். அந்த நடுக்கம் உன்னுடையது இல்லை, நீ அதைச் சுமக்க வேண்டாம். இங்கே வந்து என்ன செய்வாய் என்று நானோ அப்பாவோ கேட்கமாட்டோம். தூங்கு. அப்பாவோடு வண்டியில் சுற்று. பெட்டியைக் கொண்டுவந்தாலும் சரி, கட்டிலுக்கு அடியிலேயே விட்டுவிட்டு வந்தாலும் சரி. கொண்டுவந்தால் பரணில் ஏற்றமாட்டேன்.

ஆபீஸ் ரூம் போட்டோவைப் பற்றிக் கவலைப்படாதே. ஸ்டெல்லா டீச்சர் இன்றைக்கும் பஸ்ஸில், "பையன் எப்பங்க டீச்சர் வர்றான்?" என்று கேட்டாள். 'இன்னும் நான் கூப்பிடலைங்க' என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் வந்தாள்.

இந்தக் கடிதத்தைக் காலையில் அப்பா ஏற்காட்டில் தபாலில் சேர்த்துவிடுவார். இதில் 'ஊடு' என்று எழுதிய இடங்களெல்லாம் நீ சொன்னவை, மற்றவர்கள் சொன்னவை, நான் காலேஜில் நின்று சொல்லிச் சிரிப்பு வாங்கியவை. இப்போது எழுதப் போவது நான் உனக்குச் சொல்வது. பஸ் ஸ்டாண்டில் நீ கேட்ட உடனே சொல்லியிருக்க வேண்டியது.

ஊட்டுக்கு வந்துரு சாமி.

படித்ததும் எனக்குப் பதில் போடு. கட்டைவிரல் வேண்டாம், ஒரு வரி எழுது. உனக்கு எப்படி வருகிறதோ அப்படியே எழுது. சீக்கிரம் எழுது.

அம்மா